சோதனைப் படம்... யாருக்குச் சோதனை?

ஒரு சினிமா. ஓடும் நேரம் 8 மணி 5 நிமிடம். ஹீரோ, ஹீரோயின், வில்லன், காமெடியன் எல்லாம் ஒருத்தரே. ஒருத்தர்கூட இல்லை... ஒரு கட்டடம்! நியூயார்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் பில்டிங்.

1964 ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம், சற்றுத் தள்ளி இருந்த இன்னொரு கட்டடத்தின் 41-வது மாடியில் கேமராவை வைத்து, எட்டு மணி வாக்கில் ஓட விட்டார் ஆண்டி வார்ஹால் என்ற ஓவியர். ராத்திரி இரண்டரை தாண்டும் வரை கேமரா அசையவில்லை. கட்டடம் அசையுமா என்ன? எடுத்ததை வேகம் குறைத்துத் திரையிட்டார். ஆறரை மணி நேரம், எட்டு மணி நேரமாக நீண்டது. பொழுது சாய்கிறது, விளக்கு எரிகிறது, விளக்கு அணைகிறது, சுபம். படத்தின் பெயர் ‘எம்பயர்’.

“இதுக்குப் பேரு படமா?” என்று கோபப்படாதீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் ஒரே கட்டடத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ரகத்துக்கு இங்கிலீஷில் எக்ஸ்பெரிமென்ட்டல் ஃபிலிம் என்று பெயர். தமிழில் பரீட்சார்த்தப் படம் என்பார்கள். சோதனைப் படம் என்றும் சொல்வார்கள். இரண்டாவது பெயரைப் பார்வையாளர்களே வைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

கதை இருந்தா மார்க் கட்!

டெபிட், கிரெடிட் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். வேலை கொடுத்தது, சிதம்பரத்தில் இருக்கும் என் அக்கா மகன். விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கிறான். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன்.

“மாமா, அஞ்சு நிமிஷத்துல ஒரு எக்ஸ்பெரிமென்ட்டல் ஃபிலிம் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. கதை இருந்தா மார்க் கட். பாட்டு இருந்தா மார்க் கட்.”

“நான் படிச்சது பி.காம்டா.”

“அதனாலதான் உங்களைக் கேக்கறேன். பட்ஜெட் போட்டிருக்கேன், சரியான்னு பாருங்க.”

பார்த்தேன். கேமரா வாடகை மூன்று நாளைக்கு 9,000. டிரோன் 6,000. எடிட்டிங் 5,000. டீ, டிபன் 1,500. ஆக மொத்தம் 21,500 ரூபாய். இதில் டீ, டிபன் கணக்கு மட்டும் நம்பும்படி இருந்தது.

“பணம் எங்கேர்ந்துடா?”

“அப்பா கடை அட்வான்ஸ் திரும்ப வருது இல்ல...”

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அக்கா வீட்டுக்காரர் மேல வீதிப் பக்கம் ஒரு சந்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். 27 வருஷம். ஹால் டிக்கெட், பாஸ்போர்ட், பெண் பார்க்க என்று ஊரே அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்து போனது. அப்புறம் ஆளுக்கொரு செல்போன் வந்தது. விண்ணப்பம் போடும் இடத்திலேயே கம்ப்யூட்டரில் முகம் பிடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள். மாதக் கடைசியில் கடையைக் காலி செய்வதாக முடிவு. திரும்பி வரும் அட்வான்ஸ் 40,000 ரூபாய்தான் அந்த வீட்டின் அடுத்த ஆறு மாத அரிசி, பருப்பு. அதில் பாதியை டிரோனில் ஏற்றிப் பறக்கவிடத் திட்டம்.

“டிரோனை எங்கடா விடப் போறே?”

“கோபுரத்துக்கு மேல.”

“கோபுரத்துக்கு மேல விட்டா மார்க் வராது, போலீஸ்தான் வரும். சனிக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.”

தள்ளுபடிக் கணக்கு

சனிக்கிழமைக்குள் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன், பார்த்தேன். சில படங்களைப் பார்த்து முடித்தேன். சில படங்கள் என்னை முடித்தன. ஆனால் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறும்போது எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. இந்த ஆசாமிகள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். சினிமாவுக்கு இது இல்லாமல் முடியாது என்று நாம் நினைக்கிற ஏதாவது ஒன்றைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். மிச்சம் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். கணக்குப் பாஷையில் ‘ரைட் ஆஃப்’.

பையனிடம் ஒரு பேப்பரில் எழுதியே காட்டினேன்.

தள்ளுபடி - கதை, நடிகர், டைட்டில் கார்டு: 1929-ல் சோவியத் நாட்டில் ஜிகா வெர்டோவ் எடுத்த ‘மேன் வித் எ மூவி கேமரா’. நகரம் எழுந்திருக்கிறது, வேலைக்குப் போகிறது, விளையாடுகிறது. பேசாப் பட காலத்தில் நடுநடுவே எழுத்துப் போடுவார்களே, அதுவும் கிடையாது. கேமரா பிடித்தது தம்பி, எடிட்டிங் மனைவி. சுத்தமான குடும்பத் தொழில்!

தள்ளுபடி - ஸ்டுடியோ: 1943-ல் மாயா டெரன் என்ற பெண்மணி, ஹாலிவுட் இருக்கும் அதே லாஸ் ஏஞ்சல்ஸில், தன் வீட்டுக்குள்ளேயே கணவரோடு சேர்ந்து எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’. ஒரு சாவி, ஒரு கத்தி, ஒரு பூ, ஒரு டெலிபோன். மத்தியானத் தூக்கத்தில் வரும் கனவு மாதிரி அதே சம்பவம் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி. 14 நிமிடம். செலவு 275 டாலர் சுமார் என்கிறார்கள். ஹாலிவுட்காரர்கள் லிப்ஸ்டிக்குக்குச் செலவு செய்கிற காசில் நான் படமே எடுக்கிறேன் என்று அந்த அம்மாள் சொல்வாராம்.

தள்ளுபடி - அசைவு: 1962-ல் பிரான்சில் கிரிஸ் மார்க்கர் எடுத்த ‘லா ஜெத்தே’. 28 நிமிடமும் அசையாத போட்டோக்கள், பின்னால் ஒரு குரல். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும், படுத்திருக்கும் பெண் கண் விழித்து இமைக்கிறாள். சில விநாடிகள்தான். தூக்கிவாரிப் போடுகிறது. பின்னால் 1995-ல் ஹாலிவுட்டில் ‘12 மங்கீஸ்’ என்று பெரிய செலவில் படம் பண்ணியது இதை வைத்துத்தான்.

தள்ளுபடி - கேமராவே: 1963-ல் அமெரிக்காவில் ஸ்டான் பிராக்கேஜ். ஃபிலிம் வாங்கக் காசில்லை. விளக்கில் விழுந்து செத்துக் கிடந்த விட்டில் பூச்சிகளின் இறக்கை, புல், பூவிதழ் ஆகியவற்றைப் பொறுக்கி, இரண்டு ஒட்டும் நாடாக்களுக்கு நடுவே வைத்து நீளமாக ஒட்டி, அதைப் பிரதியெடுத்துப் படமாக ஓட்டினார். ‘மாத்லைட்’. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். செத்த இறக்கைகள் திரையில் படபடக்கின்றன.

பையன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்போ காசு இல்லாததாலதான் எடுத்திருக்காங்களா மாமா?”

“பாதிப் பேரு அப்படித்தான். உனக்கு முதல் தகுதி இருக்கு.”

நம்ம ஊரில் இல்லையா என்று கேட்டான். ஏன் இல்லை? 1954-ல் வீணை எஸ்.பாலசந்தர் டைரக்ட் செய்து ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’, பாட்டையே தள்ளுபடி செய்த படம். ஒரு படத்துக்கு டஜன் பாட்டு சர்வசாதாரணமாக இருந்த காலத்தில்! 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ், கமலஹாசனை வைத்து வசனத்தையே எடுத்துவிட்டார். அந்தப் படத்துக்குத் தமிழில் ‘பேசும் படம்’ என்று பெயர் வைத்த புண்ணியவானைக் கும்பிட வேண்டும்.

மஞ்சக்குப்பத்துக்காரர்

“கடலூர்க்காரர் ஒருத்தரே இந்த வேலையைப் பண்ணியிருக்கார், தெரியுமா?” என்றேன். பையனுக்குத் தெரியவில்லை.

ஜெயகாந்தன். 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எழுத்தாளராக அவரைத் தெரிந்த அளவுக்கு டைரக்டராகப் பலருக்குத் தெரியாது. சேரியில் வாழும் ஒரு தாயையும் மகனையும் பற்றித் தான் எழுதிய ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையைத் தானே படமாக்கினார். படம் 1965-ல் வந்தது. பாட்டு கிடையாது. இசை, வீணை வித்வான் சிட்டிபாபு. அந்த ஆண்டு தேசிய விருதில் முதல் படம் சத்யஜித் ரேயின் ‘சாருலதா’. மூன்றாவது சிறந்த படத்துக்கான தகுதிச் சான்றிதழ் நம்ம மஞ்சக்குப்பத்துக்காரருக்கு! சினிமாவில் பட்டதையெல்லாம் பின்னால் ‘ஒரு இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ என்று தனிப் புத்தகமாகவே எழுதினார்.

பணம் திரட்டியதில் விசித்திரமான ஆள், கேரளத்து ஜான் ஆபிரகாம். 1977-ல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவர். பேராசிரியர் ஒருவர் கழுதைக் குட்டியை அக்ரஹாரத்தில் வளர்க்கும் கதை. சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கொடுத்த அதே அரசாங்கத்தின் தூர்தர்ஷன், ஒளிபரப்புவதாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. ஜான் பிறகு தயாரிப்பாளர் என்ற ஆசாமியையே தள்ளுபடி செய்தார். ‘ஒடேஸா’ என்று ஒரு குழு அமைத்து, ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் சில்லறை வசூல் செய்து, 1986-ல் ‘அம்ம அறியான்’ என்ற மலையாளப் படத்தை முடித்தார்கள். உண்டியலில் எடுத்த சினிமா.

சர்க்கார் செலவில் குறும்பு

இதையெல்லாம் சொந்தக் காசில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயம் காட்டுவார்களே... வெள்ளம், அணைக்கட்டு, மந்திரி ரிப்பன் வெட்டுவது. நாம் வெளியே போய் டீ சாப்பிட்டு வருவோம்.

நாம் டீ சாப்பிட்ட நேரத்தில் உள்ளே சில குறும்புக்காரர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1967-ல் ஓவியர் எம்.எஃப்.ஹுசைன், ராஜஸ்தானில் குடை, லாந்தர், செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் விளக்கவுரையே இல்லாமல் படமாக்கினார். ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்ட்டர்’. பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி கிடைத்தது. பிரமோத் பதி 1968-ல் ‘எக்ஸ்ப்ளோரர்’ எடுத்தார். பார்த்தால் கண் சுழலும். 1972-ல் ‘ஆபித்’ என்ற படத்தில் நிஜ மனிதரை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி எடுத்து, பொம்மை மாதிரி அறைக்குள் ஓட விட்டார். இந்த வித்தையை 1952-லேயே கனடாவின் நார்மன் மெக்லாரன் ‘நெய்பர்ஸ்’ படத்தில் செய்து ஆஸ்கார் வாங்கியிருந்தார். அவருக்கும் சம்பளம் அரசாங்கச் சம்பளம்தான். எனவே அரசு ஊழியர்கள் யாரும் மனம் தளர வேண்டாம்.

108 ஃபிரேம்

சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு நடராஜர் கோயில் கோபுர வாசலுக்குப் போனேன். டிரோன் இல்லாமல், நடந்து. உள்ளே நுழையும் வழியின் இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள். கரணம் என்றால் கை, கால், உடம்பு எல்லாம் சேர்ந்த ஓர் அசைவு. அந்த அசைவு முழுவதையும் கல்லில் காட்ட முடியாது. சிற்பி அதிலிருந்து ஒரே ஒரு கணத்தை எடுத்து நிறுத்தியிருக்கிறான். மிச்சத்தைப் பார்க்கிறவன் மனசு ஆடிக்கொள்கிறது.

1878-ல் மைப்ரிட்ஜ் என்பவர் அமெரிக்காவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைத் துண்டு துண்டாகப் படம் பிடித்தாரே, சினிமாவின் பிள்ளையார் சுழி, அந்த விஷயம் இங்கே பல நூறு வருஷம் முன்பே கல்லில் இருக்கிறது என்று பெருமை அடிக்கலாம். அடிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு. மைப்ரிட்ஜ் எல்லாக் கணத்தையும் பிடித்தார். சிற்பி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டான். நமக்கு வேண்டிய ஆள் சிற்பிதான்.

“அஞ்சு நிமிஷம்னா எத்தனை ஃபிரேம்டா?”

“செகண்டுக்கு 24. முந்நூறு செகண்டு... 7,200.”

“போட்டோவா வச்சு, ஒண்ணு அஞ்சு செகண்டு நின்னா?”

“அறுபது போட்டோ.” சொன்னவன் சட்டென்று நின்றான். “மாமா, அப்பா கடையில ஒரு டப்பா இருக்கு!”

ஸ்டூல்

டப்பா பழைய பிஸ்கட் டப்பா. மேலே மார்க்கர் பேனாவில் ‘வாங்காதவை’ என்று எழுதியிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வராதவர்களின் படங்கள். 27 வருஷத்து முகங்கள். எண்ணூறு, ஆயிரம் இருக்கும். பையனுக்குக் கண் பளபளத்தது. லா ஜெத்தே கையிலேயே கிடைத்துவிட்டதே!

அக்கா வீட்டுக்காரர் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இது வேணாம்ப்பா.”

“ஏம்ப்பா? யாரும் கேக்க வரமாட்டாங்க.”

“கேக்க வரலைன்னா நம்மளுதாயிடுமா? பாதிப் பேரு அட்வான்ஸ் கொடுத்திருக்காங்க. எந்தப் பொண்ணு எந்த வீட்டுல இருக்கோ, யாரு உயிரோட இருக்காங்களோ... அவங்க மூஞ்சியை நீ உன் காலேஜுல திரை கட்டிக் காட்டுவியா?”

பி.காம்-ல் எனக்கு வணிகச் சட்டம் ஒரு பேப்பர். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 148-வது பிரிவு, பெயில்மென்ட். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை வைத்துக்கொள்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக வரும். அதையெல்லாம் படிக்காமலே ஒரு மனிதர் 27 வருஷம் அதன்படி கடை நடத்தியிருக்கிறார்.

பையன் பதில் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “சரிப்பா, முகம் வேணாம். முகத்தையே தள்ளுபடி பண்ணிடறேன்” என்றான்.

மறுநாள் காலை எடுத்துவிட்டான். பெயின்ட் அடித்த பழைய திரை, முன்னால் அந்த ஸ்டூல். செல்போனை ஒரு கள்ளிப்பெட்டி மேல் சாய்த்து வைத்தாயிற்று. அப்பாவை அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவைத்து, “வழக்கமா சொல்றதையெல்லாம் சொல்லுங்கப்பா” என்றான்.

“ஆள் இல்லாம எப்படிடா?” என்று கூச்சப்பட்டார். லைட்டைப் போட்டதும் குரல் தானாக வந்தது.

“உட்காருங்க. முதுகை நிமிர்த்தி... தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க, பாஸ்போர்ட்டுக்கு.” பளிச். “அம்மாடி, தோடு ரெண்டும் தெரியணும், லேசா திரும்பு. மாப்பிள்ளை வீட்டுக்குத்தானே? அப்போ சிரிக்கலாம்.” பளிச். “பெரியவரே, கண்ணாடியைக் கழட்டிடுங்க. பென்ஷனுக்கா?” பளிச். “தம்பி, இங்க பாரு... குருவி, குருவி!” பளிச்.

ஸ்டூல் காலியாகவே இருக்கிறது. கடைசி ஒரு நிமிடம், அதன் மேல் மூடிய டப்பா. ‘வாங்காதவை.’ அவ்வளவுதான் படம். யார் முகமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை லைட் மின்னும்போதும் எனக்கு அந்த ஸ்டூலில் ஆள் தெரிந்தது. சிதம்பரத்துக்காரர்களுக்கு இது புதிசில்லை. ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டும் இடத்தில் வெட்டவெளியும் தங்க வில்வமாலையும்தான். பார்ப்பது அவரவர் பாடு.

மொத்தச் செலவு 180 ரூபாய். டீ, பஜ்ஜி. பட்ஜெட்டில் நான் நம்பிய ஒரே அயிட்டம்.

வகுப்பில் முதல் நிமிடம் சிரித்தார்களாம். அப்புறம் சிரிக்கவில்லையாம். 25-க்கு 19 மார்க். அக்கா வீட்டுக்காரர் செல்போனில் ஒரு தடவை பார்த்தார். முடிந்ததும், “ஸ்டூல் லேசா இடது பக்கம் தள்ளிக் கிடக்கு, பாத்து வச்சிருக்கலாம்” என்றார். போனைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். கடையை அந்த மாதமே காலி செய்தார். அட்வான்ஸ் 40,000 முழுசாக வீடு வந்து சேர்ந்தது. டப்பாவும்தான்.

உங்களுக்கும் ஒரு சோதனை

நீங்கள் மாணவரில்லை, மார்க் போட ஆளில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடைத்தால் செய்து பாருங்கள்.

ஒன்று: ஒரே இடம், ஐந்து நிமிடம், செல்போனை அசைக்காமல் எடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையோ, உங்கள் வீட்டு வாசலோ. மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் இத்தனை நாள் பார்க்காத ஏதோ ஒன்று கட்டாயம் நடக்கும்.

இரண்டு: அப்பா செய்கிற ஒரு வேலையை அவர் முகம் காட்டாமல், கையை மட்டும் எடுங்கள். அவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

மூன்று: ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற சினிமா வாத்தியார் செய்தது. ஒரு நடிகரின் சலனமில்லாத முகம். அடுத்து ஒரு தட்டு சூப். பார்த்தவர்கள், “அடடா, என்ன பசி!” என்றார்களாம். அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. “ஐயோ, என்ன சோகம்!” முகம் மாறவே இல்லை, பக்கத்தில் ஒட்டியதுதான் மாறியது. இதை உங்கள் மேனேஜர் முகத்தை வைத்துச் செய்யலாம். ஒரு தடவை பக்கத்தில் உங்கள் இன்கிரிமென்ட் ஆர்டர், இன்னொரு தடவை உங்கள் லீவ் லெட்டர்.

வாட்ஸ்அப்பில் ஆபீஸ் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்புறம் நிஜமாகவே உங்களுக்குச் சோதனை!